பொருட்காட்சியிலும் பூங்காவிலும் சர்க்கரை நோயாளிக்கு ஏற்ற தின்பண்டம்: விளைவிப்பவர்களே விற்கலாமே!

மதுரை கோரிப்பாளையம் சந்திப்பில் நின்று பார்த்தால் கிழக்குப் பக்கம் அரசு இராசாசி மருத்துவமனைக்குச் செல்லும் சாலை. வடக்குப் பக்கம் சற்று நடந்தால் தமுக்கம் மைதானம். சித்திரைப் பொருட்காட்சி என்றாலே நம் பக்கத்து மக்களின் நினைவுக்கு வருகிற இடம் அது. காலையில் கிராமத்திலிருந்து வந்து சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டு, மாலையில் பேரப் பிள்ளைகளுக்கு ராட்டினம் காட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் போய்ச் சேரும் குடும்பங்களை நான் பல ஆண்டுகளாகக் கண்டிருக்கிறேன். காலையில் மருத்துவர் சொல்லி அனுப்பிய உணவு முறை, மாலை 6 மணிக்கு டெல்லி அப்பளக் கடை வாசலிலேயே மறந்து போகிறது. இதற்கு அந்த நோயாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு ஏற்றது எதுவும் அந்தக் கடைவீதியில் இல்லை என்பதே உண்மை.

வேளாண்மைப் பக்கத்தில் சர்க்கரை வியாதிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். இரண்டு காரணங்களால் இதை எழுதுகிறேன். முதலாவது, இந்த நோய் இப்போது பட்டணத்துக்காரர்களின் நோயாக மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பெரியவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கு மேல் என்று கணக்கு. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டோர் நோயின் வாசற்படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வந்து கொடுக்கப்படும் மாத்திரைகளில் முக்கியமானவை சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரியவைதாம். ஏற்றம் இறைத்த காலமும், கலப்பை பிடித்த காலமும் போய், பம்பு செட்டும் டிராக்டரும் வந்த பிறகு நமது உடல் உழைப்பு குறைந்துவிட்டது. சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. இரண்டாவது காரணம், அந்த நோயாளி தேடுகிற தின்பண்டம் நமது காட்டில் விளைகிறது என்பதாகும். இதைத்தான் இன்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி வாடிப்பட்டிப் பக்கம் நிலக்கடலை போடுகிறவர். வயது 60-ஐத் தாண்டியவர். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கோடை விடுமுறையில் ஊரார் வேன் பிடித்துக்கொண்டு ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்றிருக்கிறார்கள். தீம் பார்க் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்களே, அதுதான். எந்த ஊர்ப் பூங்கா என்பது இங்கே வேண்டாம். பெரும்பாலான பூங்காக்களில் இதே நடைமுறைதான். அவர் தமது வீட்டில் அவித்த கடலையையும், நாலு இட்லியையும் ஒரு பையில் எடுத்துச் சென்றிருக்கிறார். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று சொல்லி வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாத்திரையைக் காலையிலேயே போட்டாகிவிட்டது. உள்ளே சென்றால் வெயிலில் நடை. பேரன் ஒரு ராட்டினத்திலிருந்து இன்னொரு ராட்டினத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறான். சாப்பாட்டுக் கடையில் பூரி, பரோட்டா, உருளைக்கிழங்கு வறுவல், ஐஸ்கிரீம். எல்லாம் மருத்துவர் வேண்டாம் என்று சொன்னவை. 'எதுக்கு வம்பு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கலாம்' என்று பட்டினியாக இருந்துவிட்டார். பகல் 2 மணி அளவில் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி உட்கார்ந்துவிட்டார்.

சுற்றி நின்றவர்கள் வெயில் தாக்கிவிட்டது என்று தலையில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். உடன் வந்த பெண்மணி ஒருவர், 'மாமாவுக்குச் சர்க்கரை இருக்கு, இனிப்புக் கொடுத்துராதீங்க' என்று வேறு தடுத்திருக்கிறார். நல்லவேளையாக அங்கே இருந்த ஒரு கல்லூரி மாணவி விவரம் புரிந்து குளிர்பானம் வாங்கிக் குடிக்க வைத்தபின் கால் மணி நேரத்தில் தெளிந்திருக்கிறார். பிறகு என்னைச் சந்தித்தபோது அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை: 'சார், என் காட்டுக் கடலை வாசல்ல கெடக்கு, நான் உள்ள மயங்கிக் கெடக்கேன்.'

சர்க்கரை நோயாளிக்கு ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு என்பதை நமது மக்கள் பலர் அறிவதில்லை. சர்க்கரை ஏறுவது ஒரு பக்கம். அது மெல்ல மெல்லக் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் கெடுக்கும். சர்க்கரை திடீரென்று இறங்குவது மறுபக்கம். அது அரை மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லி கிராமுக்குக் கீழே போனால் அதைத் தாழ்சர்க்கரை என்கிறோம். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கும் வேளை தவறினால் இது வரக்கூடும். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு அரிதாகவே வரும். அந்த நேரத்தில் கொடுக்க வேண்டியது சர்க்கரைதான். மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். தெளிந்தபின் வேளை உணவைச் சாப்பிடச் செய்ய வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108 வண்டியை அழைக்க வேண்டும். அந்த நிலையில் கடலையும் சுண்டலும் உதவா. அவற்றின் சர்க்கரை மெதுவாகத்தான் இரத்தத்தில் சேரும். அந்த மெதுவான குணமே மற்ற நேரங்களில் அவற்றின் சிறப்பாகும்.

அந்த விவசாயி காலை 11 மணிக்கு ஒரு பொட்டலம் சுண்டல் சாப்பிட்டிருந்தால் 2 மணிக்கு மயங்கியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆகவே, பூங்காவில் நோயாளிக்கு ஏற்ற தின்பண்டம் இருப்பதென்பது வாய் ருசிக்கான சலுகை மட்டும் அன்று.

இப்போது பொருட்காட்சிகளிலும் பூங்காக்களிலும் என்னென்ன கிடைக்கின்றன என்று பார்ப்போம். டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, பானி பூரி, வெண்ணெய் தடவிய மக்காச்சோளம், ஐஸ்கிரீம், கரும்புச் சாறு, மதுரைக்கே உரிய ஜிகர்தண்டா, பாட்டில் குளிர்பானம், பஞ்சு மிட்டாய். பஞ்சு மிட்டாய் முழுக்கச் சர்க்கரைதான். அதில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் கலந்திருப்பது தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு தடை விதித்ததை வாசகர்கள் அறிவர். சாயத்தைப் பற்றி அவ்வளவு பேசினோம். சர்க்கரையைப் பற்றி யாரும் பேசவில்லை. 250 மில்லி குளிர்பானம் ஒன்றில் ஏறத்தாழ 26 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராம் அளவில் நின்றால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது, நோய் இல்லாதவர்களையும் சேர்த்துத்தான். ஒரு பாட்டிலில் அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது.

ஜிகர்தண்டாவைக் குறை சொல்வதாக மதுரைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் குடித்தவன்தான். சர்க்கரை நோயாளிக்கு அது ஆகாது என்று மட்டும் சொல்கிறேன்.

1981-ஆம் ஆண்டு கனடா நாட்டின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் என்பவரும் அவரது குழுவினரும், எந்த உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதை அளந்து ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். குளுக்கோஸுக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்ற உணவுகளை அதனோடு ஒப்பிடுகிற முறை அது. அந்த முறையில் அளந்தால் நிலக்கடலை 15-ஐ ஒட்டி நிற்கிறது. அவித்த கொண்டைக்கடலை 30-ஐ ஒட்டி நிற்கிறது. பயறு வகைகள் பெரும்பாலும் கீழ்ப் படியில்தான். நமது பாட்டிமார் நவராத்திரி ஒன்பது நாளும் ஒன்பது வகைச் சுண்டல் செய்தபோது எந்தப் பட்டியலையும் பார்த்துச் செய்யவில்லை. ஆனாலும், பட்டியலைப் பார்த்துச் செய்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அமைந்திருக்கிறது.

நிலக்கடலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நமது பகுதியில் கிணற்றுப் பாசன நிலங்களில் மார்கழிப் பட்டத்தில் விதைக்கும் கடலை சித்திரை வாக்கில் கைக்கு வருகிறது. பள்ளி விடுமுறையும், பொருட்காட்சியும், அழகர் ஆற்றில் இறங்கும் திருவிழாவும் அதே காலத்தில்தான். பறித்த பச்சைக் கடலையை அன்றைக்கே தோலோடு கழுவி, அளவாக உப்புப் போட்டு அவித்தால் அதற்கு இணையான தின்பண்டம் இல்லை. உரித்துத் தின்ன வேண்டியிருப்பதால் மெதுவாகத்தான் சாப்பிட முடியும். அதுவும் நோயாளிக்கு நல்லதுதான். உலர்ந்த பருப்பில் நூற்றுக்கு 25 பங்கு அளவுக்குப் புரதம் இருக்கிறது. எண்ணெய்ச் சத்து பாதியை நெருங்குகிறது. ஆகவே நல்லது என்று ஒரு படி கடலையையும் தின்று தீர்க்கக் கூடாது. ஒரு கைப்பிடிப் பருப்பு, அதாவது 30 கிராம் அளவு, போதுமானது. இரத்தக் கொதிப்பும் சேர்ந்து இருப்பவர்களுக்கு உப்பைக் குறைத்து அவிக்க வேண்டும். முளைத்த கடலை, பூஞ்சாணம் பிடித்த கடலை, நிறம் மாறிய பருப்பு ஆகியவற்றைக் கட்டாயம் கழித்துவிட வேண்டும். அவற்றில் அப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். அவித்தாலும் அது முழுவதும் போகாது.

அடுத்து சுண்டல். உசிலம்பட்டிப் பக்கத்து மொச்சை, மானாவாரித் தட்டைப்பயறு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை என எதுவும் ஏற்றதே. அவித்த கொண்டைக்கடலை 100 கிராமில் மாவுச் சத்து 27 கிராம், புரதம் 9 கிராம், நார்ச் சத்து 7 கிராமுக்கு மேல். சிறு பொட்டலம் ஒன்று ஒரு வேளைச் சிற்றுண்டிக்குப் பொருந்தும். கடுகு தாளித்து, மாங்காய் இரண்டு துண்டு கீறிப் போட்டுக் கொடுத்தால் ராட்டினத்தை விட்டுப் பிள்ளைகளும் வந்து நிற்கும். தேங்காயை மட்டும் விற்கும் நேரத்தில் மேலே தூவ வேண்டும். முன்பே கலந்துவிட்டால் நமது கோடை வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும்.

வெள்ளரிப் பிஞ்சு நல்லது. அதில் பெரும்பகுதி தண்ணீர்தான், வெயிலுக்கும் ஆகும். ஆயக்குடியிலிருந்து மதுரைக்கு வண்டி வண்டியாக வரும் கொய்யாவும் நல்லதே. நன்றாகப் பழுத்துக் குழைந்ததை விட்டுவிட்டுச் செங்காயாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம். இளம் நுங்கு இரண்டு மூன்று சுளை சாப்பிடலாம். குடிப்பதற்கு நீர்மோர். அழகர் திருவிழாவில் வைகைக் கரையெங்கும் தண்ணீர்ப் பந்தல் போட்டுப் பானகமும் நீர்மோரும் கொடுக்கிறார்கள். வெல்லம் கரைத்த பானகத்தை விட்டுவிட்டு மோரை வாங்கிக் குடிக்கும் பழக்கம் நோயாளிகளுக்கு வர வேண்டும். திருவிழாவில் சர்க்கரைக் கிண்ணம் எடுப்பது நமது ஊர் வழக்கம். அதில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைப்பதால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. நாள் முழுவதும் பந்தலுக்குப் பந்தல் நின்று ஒரு சொம்பு பானகம் குடிப்பதுதான் கணக்கில் சேரும்.

தர்பூசணியைக் குறித்துப் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். அதன் சர்க்கரை வேகமாக ஏறக்கூடியது. ஆனால் பெரும்பகுதி நீர் என்பதால் சிறு கீற்று ஒன்றில் சர்க்கரையின் மொத்த அளவு அதிகமில்லை. ஒரு கீற்று சாப்பிடலாம். ஒரு தட்டு வேண்டாம். அதே பழத்தைச் சாறு பிழிந்து சர்க்கரை போட்டு விற்றால் தொடவே கூடாது.

இங்கே எனது துறையைச் சேர்ந்தவர்களையும் சேர்த்து ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் எங்கு பார்த்தாலும் சிறுதானியக் கண்காட்சிகள் நடந்தன. நல்ல காரியமே. தே. கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் குதிரைவாலி போடுகிறவர்களுக்கு அதனால் கொஞ்சம் மரியாதையும் விலையும் கிடைத்தது. ஆனால் அந்தக் கண்காட்சிகளில் விற்றவை என்ன? தினை அதிரசம், கேழ்வரகு அல்வா, வரகு முறுக்கு, கம்பு லட்டு. மேலே 'சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது' என்று ஓர் அட்டை. வெல்லப் பாகில் முக்கி எடுத்த தினை, வெல்லப் பாகில் முக்கி எடுத்த அரிசியைவிட எவ்வளவு மேலாகிவிடும்? வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் பனங்கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் இரும்பும் தாதுச் சத்தும் கூடுதலாக இருக்கலாம். இரத்தச் சர்க்கரை அதைப் பார்த்துத் தயங்கி நிற்பதில்லை. சிறுதானியத்தையும் தவிடு போகத் தீட்டி, மாவாக அரைத்து, கூழாகக் குடித்தால் அதன் பெருமை பாதி போய்விடுகிறது. குதிரைவாலியைத் தீட்டாமல் உமியை மட்டும் நீக்கிச் சோறாகவோ உப்புமாவாகவோ செய்து, பயறும் காயும் சேர்த்து ஒரு கிண்ணம் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளலாம்.

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் மகிழ்ச்சி. நான் விரும்பிச் சாப்பிடும் பண்டமும் அதுவே. ஆனால் அது வெல்லப் பாகில் பிடித்தது. கடலையால் செய்தது என்ற காரணத்துக்காக அதைச் சர்க்கரை நோயாளிக்குச் சிபாரிசு செய்ய இயலாது.

அதோடு சட்டமும் இருக்கிறது. 'சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்' என்று எழுதி எந்தப் பொருளை விற்றாலும், 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரச் சட்டப்படி அது குற்றமாகும். சர்க்கரை நோய் அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இடம் பெற்றுள்ளது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் உண்டு. எனவே கடைப் பலகையில் 'அவித்த கொண்டைக்கடலை, 100 கிராம், சர்க்கரை சேர்க்கவில்லை' என்று உள்ளதை எழுதினால் போதும். விவரம் தெரிந்த நோயாளி அதைப் படித்துத் தாமே கணக்குப் பார்த்துக்கொள்வார்.

வாசலில் பையை வாங்கி வைக்கும் பிரச்சினைக்கு வருகிறேன். சினிமாக் கொட்டகைகளில் வெளி உணவைத் தடுக்கலாமா என்ற வழக்கில், தடுக்கக் கொட்டகைக்காரருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆனால் குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கு வேண்டிய உணவை எடுத்துச் செல்வதைத் தடுக்கக் கூடாது என்பதும் அந்த வழக்கிலேயே பதிவாயிற்று. அது சினிமாக் கொட்டகைக்குச் சொன்னது. பூங்காக்காரர்களும் ஏறத்தாழ அதே வழியில்தான் நடக்கிறார்கள். கைக்குழந்தைக்கு இருக்கிற விலக்கு இன்சுலின் போடுகிற பெரியவருக்கு ஏன் இருக்கக் கூடாது என்பது எனது கேள்வி. அமெரிக்காவில் புளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்கா உலகப் புகழ் பெற்றது. அங்கே வருகிறவர்கள் தங்கள் உணவைத் தாங்களே எடுத்துச் செல்லலாம். மதுவும் கண்ணாடிப் பாத்திரமும்தான் கூடாது. அதனால் அவர்களுடைய சாப்பாட்டுக் கடைகள் மூடிப் போகவில்லை. மருத்துவச் சீட்டும் மாத்திரையும் காட்டுகிறவருக்கு ஒரு சிறு டப்பா உணவை அனுமதிப்பதால் நமது பூங்காக்களின் வியாபாரமும் கெட்டுவிடாது. அதுவரை, மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவச் சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சட்டைப் பையில் இரண்டு ஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ மடித்து வைத்திருங்கள். வாசலில் பேசிப் பாருங்கள். கேட்டால் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி நமது பக்கம். விற்கும் பொறுப்பைப் பூங்காக்காரரிடமும் தள்ளுவண்டிக்காரரிடமும் விட்டுவிட்டு நாம் மூட்டையைக் கமிஷன் மண்டியில் போட்டுவிட்டு வந்தால், இந்தத் தின்பண்டம் ஒருநாளும் அங்கே போய்ச் சேராது. விளைவிப்பவரே நேராக விற்கலாம் என்பதைத் தமிழ்நாட்டுக்குக் காட்டிய ஊர் மதுரைதான். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. கோரிப்பாளையத்திலிருந்து அது அதிகத் தொலைவில் இல்லை. காய்கறிக்குச் செய்ததை அவித்த கடலைக்குச் செய்ய முடியாதா?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கொண்டைக்கடலையை ஊற வைத்து அவித்தால் 2 கிலோவுக்குச் சற்று அதிகமாகவே வரும். 100 கிராம் வீதம் 20 பொட்டலம் போடலாம். கடலை கிலோ 90 ரூபாய் என்றும், எரிபொருள், தாளிதம், இலை எல்லாம் சேர்த்து இன்னொரு 60 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். பொட்டலம் 20 ரூபாய்க்கு விற்றால் 400 ரூபாய். செலவு போக மிச்சம் 250 ரூபாய். இதில் கடை வாடகையும் ஆள் கூலியும் கழியும். பூங்காவுக்குள் வாடகை கூடுதல் என்பதால் ஒரு கிலோ இரண்டு கிலோ விற்றுக் கட்டாது; நாளொன்றுக்குப் பத்துக் கிலோவாவது விற்க வேண்டும். தனி ஒருவரால் ஆகாது. ஐந்தாறு பேர் சேர்ந்த குழுவாக இருந்தால் ஒருவர் கடலையும், ஒருவர் வெள்ளரியும், ஒருவர் மோரும் கொண்டு வரலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் அவிப்பதைப் பார்த்துக்கொள்ளலாம். எல்லா நாளும் விற்பனை இருக்கும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். சனி, ஞாயிறும் கோடை விடுமுறையும்தான் பருவம். மழை பெய்தால் அன்றைய சுண்டல் வீட்டுக்குத்தான்.

சுத்தம் மிக முக்கியம். நோயாளியை நம்பி அழைத்துவிட்டு வயிற்றுப்போக்கைக் கொடுத்து அனுப்பினால் அவருக்குச் சாதாரண ஆளைவிடத் துன்பம் அதிகம். காய்ச்சி ஆறிய தண்ணீரில்தான் மோர் கலக்க வேண்டும். அவித்த பண்டத்தை மூடி வைத்து, நாலு மணி நேரத்துக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். மிஞ்சியதை மறுநாள் புதியதோடு கலக்கவே கூடாது. வெள்ளரியையும் கொய்யாவையும் முன்பே நறுக்கிப் பரப்பி வைக்காமல், கேட்டபின் நறுக்கிக் கொடுங்கள். அளவு தெரிந்து சாப்பிட வேண்டியவர் என்பதால் ஒரே அளவுக் கிண்ணத்தால் அளந்து போடுங்கள். கொசுறு கொடுக்கிற நமது நல்ல பழக்கம் இந்த ஒரு கடையில் மட்டும் வேண்டாம்.

பதிவு, பயிற்சி ஆகியவற்றுக்கு அலைய வேண்டியதில்லை. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது கட்டாயம். 1965 முதல் ஒத்தக்கடையில் இயங்கிவரும் வேளாண்மைக் கல்லூரி வளாகத்திலேயே மனையியல் துறையினரும் வேளாண்மை அறிவியல் நிலையத்தாரும் இருக்கிறார்கள். சுண்டல், சிறுதானியப் பண்டம் ஆகியவற்றை அளவோடும் சுத்தத்தோடும் தயாரிப்பது பற்றி அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். அதிரசமும் லட்டும் கற்றுக்கொடுக்க முன்வந்தால், அவித்த பண்டங்களைக் கற்றுக்கொடுங்கள் என்று நீங்களே கேளுங்கள்.

வாடிப்பட்டிப் பக்கத்து நண்பரிடம் இந்த யோசனையைச் சொன்னேன். 'நீங்க எழுதிக் குடுங்க சார், நான் போய் அந்தப் பூங்காக்காரர்கிட்டயே கடை கேக்குறேன்' என்றார். மனுவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. மார்கழியில் விதைக்கிற கடலை சித்திரையில் வந்துவிடும். பொருட்காட்சிக்கும் பூங்காவுக்கும் கடை கேட்டு மனுப் போடுகிறவர்கள், தை மாதத்திலேயே போட்டுவிடுவது நல்லது.